சத்தம் இருந்தவரை

என் தம்பியை வேலை செய்த இடத்திலெல்லாம் சோடா என்றுதான் கூப்பிட்டார்கள். மீசை முளைத்த நாளிலிருந்து பிறருக்கு மது ஊற்றிக் கொடுத்தே பிழைத்தவன், தன் வாயில் ஒரு சொட்டு விட்டுக்கொண்டதில்லை. யாராவது கட்டாயப்படுத்தினால் சோடாவை ஊற்றி உயர்த்திக் காட்டுவான். அந்தப் பெயர் வீட்டுக்கும் வந்து, கடைசியில் நானே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் கொடுக்க வந்தவர்கள், "மாப்பிள்ளை என்ன பண்றார்?" என்று கேட்பார்கள். "கிளப்புல பார் பாக்கிறான்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் செருப்பைத் தேடுவார்கள். ஓட்டலில் மேனேஜர் என்று சொன்னால் நாக்கு அழுகியா போய்விடும் என்று சொந்தக்காரர்கள் என்னைத் திட்டினார்கள். நான் சொல்லவில்லை. அவன் திருடவில்லை, யார் குடியையும் கெடுக்க வீடு தேடிப் போகவில்லை. வந்தவனுக்கு ஊற்றினான். அதை எதற்கு மறைக்கவேண்டும்?

ஆனால் பிற்காலத்தில் ஒன்றை மறைத்தேன். அவனுக்குக் காது கேட்காது. அது வெளியே தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். இந்த வயதில் அவனுக்கு வேறு வேலை யார் தருவார்கள்? அதனால் மகனிடமும் சொல்லவில்லை, மருமகளிடமும் சொல்லவில்லை.

இரவு கிளப் என்பதை நான் அவன் வாயால்தான் அறிந்தேன். மதுக்கூடம் என்று சொன்னால் மரியாதையாக இருக்கும் என்கிறார்கள். அவன் பார் என்றான், நானும் பார் என்றே சொல்கிறேன்.

முதலில் போனது ஒரு துறைமுகப் பட்டணம், வெயில் நாடு. அங்கே கிளப் வாசலில் ஒருவன் நிற்பானாம். அவன் முகத்தைப் பார்க்கமாட்டான், காலைத்தான் பார்ப்பான். செருப்பு பிடிக்கவில்லையென்றால் உள்ளே விடமாட்டான். பெண்கள் காசு கொடுத்து நுழைவுச் சீட்டு வாங்கவேண்டியதில்லை, ஆண்கள் வாங்கவேண்டும். "ஏன்டா அப்படி?" என்று கேட்டேன். "பொண்ணுங்க இல்லேன்னா ஆம்பளைங்க வரமாட்டாங்கக்கா. தூண்டில்ல புழுவுக்கு யாராவது காசு கேப்பாங்களா?" என்றான். எனக்கு அருவருப்பாக இருந்தது. அவனுக்கும்தான் இருந்திருக்கும், ஆனால் சிரித்தான்.

அங்கே யாரும் கோப்பை கோப்பையாக வாங்கமாட்டார்களாம். முழு பாட்டிலாக மேசைக்கு வரவேண்டும். விலை உயர்ந்த பாட்டிலென்றால் அதன் கழுத்தில் மத்தாப்பு கொளுத்தி, கூட்டத்துக்கு நடுவே தூக்கிக்கொண்டு போகவேண்டும். எவன் எவ்வளவு செலவழிக்கிறான் என்று எல்லோருக்கும் தெரியவேண்டும், அதுதான் அந்த ஊர்க் குடி. பாட்டிலைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்களாம். பாட்டுப் பெட்டி ஒவ்வொன்றும் பீரோ உயரம். அதில் ஒன்று இவன் நிற்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே, இடது காதுக்கு நேராக இருந்தது. "காது வலிக்கலையாடா?" என்றால், "மொதல்ல வலிச்சுது, அப்புறம் பழகிடுச்சு" என்றான். பழகிடுச்சு என்று அவன் நினைத்தது வேறு ஒன்று என்பது எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது.

அடுத்தது குளிர் நாடு. அங்கே மத்தாப்பும் கிடையாது, மேசையும் கிடையாது. எல்லோரும் நின்றுகொண்டே குடிப்பார்கள். கிளப்பில் விலை அதிகமென்று வீட்டிலேயே பாதி குடித்துவிட்டு வருவார்கள். கனத்த கோட்டுகளைக் கழற்றி வாங்கி மாட்டி வைப்பதற்கென்றே தனியாக ஒரு ஆள் உண்டு. சீக்கிரம் மூடவேண்டும் என்று சட்டம். மூடுவதற்கு முன் மணி அடிப்பார்கள். மணி சத்தம் கேட்டதும் கடைசிப் பந்திக்கு இடம் பிடிக்கிற மாதிரி எல்லோரும் கடைசிக் கோப்பைக்குப் பாய்வார்களாம். அப்புறம் தெருவில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார்கள். யாருக்காக அழுகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

ஆனால் அந்த நாட்டைத்தான் அவன் மதித்தான். மிஞ்சிக் குடித்தவனுக்கு ஊற்றக்கூடாது என்று அங்கே விதி. தண்ணீரைக் கொடுத்து, வண்டி பிடித்து அனுப்பவேண்டும். வேலைக்காரர்களுக்குக் காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சு மாதிரி ஒன்றும் கொடுத்தார்கள். எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். இவன் மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். ஆர்டர் காதில் விழாமல் போய்விடுமோ என்று பயம். கூட வேலை செய்த ஒரு அம்மாள், நரைத்த தலைக்காரி, இவனைக் கூப்பிட்டுச் சொன்னாளாம், காதை நம்பாதே, வாயைப் பார் என்று. அவள்தான் உதட்டைப் படிக்கக் கற்றுக்கொடுத்தாள். அடுத்து, காலில் மெல்லிய அடியுள்ள செருப்பு போடச் சொன்னாள். மரத் தரையில் நின்றால் பின்னால் யார் வருகிறார்கள், எங்கே கோப்பை விழுந்தது, எங்கே அடிதடி ஆரம்பிக்கிறது எல்லாம் உள்ளங்காலில் தெரியும். கிளப்பில் இருக்கிற யாருக்கும் எதுவும் கேட்காது. ஊற்றுகிறவனுக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

இப்படித்தான் காது போனதே தெரியாமல் அவன் காலம் தள்ளினான். கேட்கவேண்டிய அவசியமே வரவில்லை.

தெரிந்தது மூன்றாவது நாட்டில். அங்கே அவன் சேர்ந்த பார், குறுகலான மாடிப்படி ஏறிப் போகவேண்டிய ஒரு சின்ன அறை. நாலைந்து நாற்காலி, அவ்வளவுதான். பாட்டு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற அளவுக்கு மெதுவாக ஓடும். வருகிறவர்கள் ஒரு பாட்டில் வாங்கி, தங்கள் பெயர் எழுதிய அட்டையை அதன் கழுத்தில் மாட்டி அங்கேயே வைத்துவிட்டுப் போவார்கள். மாதக்கணக்கில் கழித்து வந்தாலும் அந்தப் பாட்டில் தூசி தட்டி எடுத்து வைக்கப்படும். செத்துப்போனவர்கள் பாட்டிலும் அலமாரியில் இருந்ததாம், யாரும் தொடமாட்டார்களாம். எனக்குப் பிடித்த பார் அதுதான் என்று சொன்னேன்.

அங்கே ஆட்கள் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, தலையைக் குனிந்து, தங்களுக்கே சொல்வதுபோலப் பேசுவார்கள். உதடு தெரியாது. முதல் வாரம் அவனுக்கு, இந்த ஊரில் யாருமே பேசமாட்டார்கள் போலிருக்கிறது என்று தோன்றியதாம். பிறகுதான் ஒருநாள் இரண்டு பேர் எதிரெதிராக உட்கார்ந்து குலுங்கிச் சிரித்தார்கள், அவனுக்கு ஒரு சத்தமும் வரவில்லை. கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்திருக்கிறான். தண்ணீர் விழுவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை.

அந்த வேலையை விட்டுவிட்டு என் வீட்டுக்கு வந்துவிட்டான். உடனே இங்கே புதிதாகத் திறந்திருந்த கிளப்பில் சேர்ந்தான். தேடிப் பிடித்துச் சேர்ந்தான் என்றுதான் சொல்லவேண்டும். ஊரிலேயே அதிகச் சத்தம் அங்கேதான்.

வீட்டில் அவன் ஊமை மாதிரி இருந்தான். கூடத்தில் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தால் எழுந்து போய்விடுவான். ஆனால் மருமகள் சமையலறையில் மிக்ஸியைப் போட்டாளென்றால் எங்கிருந்தாலும் வந்துவிடுவான். மிக்ஸி ஓடும்போது எல்லோரும் வாயைத் திறந்து, முகத்தைப் பார்த்துக் கத்துவோம் இல்லையா, அந்த நேரம் மட்டும் அவனும் எங்களோடு சேர்ந்து கத்துவான், சிரிப்பான், மருமகளைக் கிண்டல் செய்வான். "உங்க தம்பிக்கு மிக்ஸி மேல அப்படி என்ன அத்தை பாசம்?" என்று அவள் கேட்பாள். "அவன் குடுத்து வெச்சது அவ்வளவுதான்" என்று நான் பேச்சை மாற்றுவேன்.

கிளப்பில் அவன் ராஜா. முதலாளி இளவயதுப் பிள்ளை, இவனை அண்ணே என்பான், எதற்கும் இவனைத்தான் கேட்பான். எவ்வளவு கூட்டமிருந்தாலும் எங்கோ மூலையிலிருந்து ஒருவன் உதட்டை அசைத்தால் போதும், சரியான கோப்பை அவன் முன்னால் இருக்கும். "சோடா அண்ணனுக்குப் பாம்புக் காது" என்று பையன்கள் சொல்வார்களாம். அதை என்னிடம் சொல்லிச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு கிளப்புக்குப் பின்னால் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி வந்தது. அவர்கள் புகார் கொடுத்தார்கள். அதிகாரிகள் வந்து, பாட்டுப் பெட்டியின் சத்தத்தை இனி இவ்வளவுக்கு மேல் வைக்கக்கூடாது என்று முத்திரை போட்டுவிட்டுப் போனார்கள். ஆஸ்பத்திரி சொன்னது நியாயம், அதில் நான் யாரையும் குறை சொல்லமாட்டேன். ஆட வருகிறவர்கள் வேறு இடத்துக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒருநாள் மத்தியானம் முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அண்ணே, ஆட்டம் பாட்டம் எல்லாம் இனிமே ஆகாது. அமைதியா உக்காந்து பேசற மாதிரி பாரா மாத்திடலாம்னு இருக்கேன். நீங்க மூணு நாடு பாத்தவரு. எது நல்லா இருக்கும்னு சொல்லுங்க."

தம்பி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வார்த்தை முடிந்ததும் தம்பியின் முகம் வெளிறிப்போனது.

"வேணாம் தம்பி," என்றான். "இங்க ஜனங்க பேசறதுக்கா வராங்க? வீட்டுலயும் ஆபீஸ்லயும் பேசிப் பேசி வெறுத்துப்போய்த்தான் வராங்க. அமைதியா இருந்தா அவங்க மனசு அவங்களுக்கே கேக்க ஆரம்பிச்சிரும். ஒரு கோப்பையோட எந்திரிச்சுப் போயிடுவாங்க."

"மூணாவது நாட்டுல அப்படித்தானே இருந்துச்சுன்னு சொன்னீங்க? பேர் எழுதின பாட்டில் எல்லாம்?"

"அந்த ஜனங்க வேற."

"ஜனங்க எல்லா எடத்துலயும் ஒண்ணுதான் அண்ணே. விளக்கைக் கொஞ்சம் கம்மி பண்ணினா எல்லாரும் மெதுவாத்தான் பேசுவாங்க." முதலாளி என் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்கம்மா."

நான் என்ன சொல்வேன்? "விளக்கைக் கொறைக்காதே தம்பி, கண்ணு கெட்டுடும்" என்றேன். அவன் சிரித்துவிட்டான். பாட்டில் கழுத்தில் பெயர் அட்டை மாட்டுகிற யோசனை தனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறதென்றும், அது சோடா அண்ணனின் யோசனை என்றே எல்லோரிடமும் சொல்லப்போவதாகவும் சொல்லிவிட்டுப் போனான். நல்ல பிள்ளைதான். அதனால்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

திறப்பதற்கு முன், நண்பர்களை மட்டும் கூப்பிட்டு ஒரு சாயங்காலம் நடத்திப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. தம்பி அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. நான் அவன் முன்னால் போய் உட்கார்ந்து, அவன் முகத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"நான் வரேன்டா. கவுண்டர் ஓரமா உக்காந்துக்கறேன். அவங்க சொல்றதை உதட்டால உனக்குத் திருப்பிச் சொல்றேன்."

"பைத்தியமா உனக்கு? உன்ன மாதிரி ஒரு கெழவி பார்ல வந்து உக்காந்தா பாக்கறவன் என்ன நெனப்பான்?"

"முதலாளியோட பாட்டின்னு நெனப்பான். இல்லாட்டி என்னைப் பாத்த பயத்துல ரெண்டு கோப்பை கூடக் குடிப்பான். உனக்கு என்ன வந்துச்சு?"

நான் பிடித்தால் விடமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். சரக்குகளின் பெயரை எனக்குச் சொல்லிக்கொடுத்தான். பிள்ளைக்கு அட்சரம் சொல்லிக்கொடுப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொல்லவைத்து, என் உதட்டைப் பார்த்துத் திருத்தினான். பள்ளிக்கூடத்தைப் பக்கத்தில் பார்த்தறியாத நான் முதலில் படித்த பாடம் அதுதான். விஸ்கி, வோட்கா, பிராந்தி என்று நான் சத்தமில்லாமல் முணுமுணுப்பதைப் பார்த்த மருமகள், அத்தை ஏதோ ஜபம் செய்கிறாள் என்று நினைத்து அடுப்பைக் குறைத்துவிட்டுப் போனாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே போய்விட்டோம். முதலாளி என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டான், ஆனால் சந்தோஷமாக நாற்காலி போட்டான். இடம் அழகாகத்தான் இருந்தது. சின்னச் சின்ன விளக்குகள், இருண்ட பச்சைச் சுவர், அலமாரியில் பெயர் அட்டை தொங்கும் பாட்டில்கள். தம்பி உள்ளே காலெடுத்து வைத்தவன் அப்படியே நின்றுவிட்டான். ஒரு காலைத் தூக்கி மறுபடி வைத்துப் பார்த்தான். தரை முழுக்கக் கம்பளம் போட்டிருந்தார்கள். மெத்து மெத்தென்ற கம்பளம். நடந்தால் நடந்தது தெரியாது.

"நடக்கற சத்தம் கூட வரக்கூடாதுன்னு போட்டேன் அண்ணே. கவுண்டருக்குப் பின்னாலயும் போட்டிருக்கு. உங்களுக்குக் கால் வலிக்காது" என்றான் முதலாளி.

தம்பி தலையாட்டினான். போகும்போது ஒரு விளக்கை எடுத்துக் கவுண்டர் மேல், வருகிறவர்கள் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டான்.

முதலில் எல்லாம் நன்றாகவே போனது. நண்பர்கள் ஜோடி ஜோடியாக வந்தார்கள். எனக்கு எலுமிச்சை ஜூஸ் வைத்தார்கள். ஒரு தாடிக்காரன் வந்தான், அவன் மீசை உதட்டை முழுக்க மூடியிருந்தது. அவன் கேட்டதை நான் என் கோப்பைக்கு மேலாகத் தம்பிக்கு உதட்டால் சொன்னேன். தம்பி சிரித்துக்கொண்டே ஊற்றிக் கொடுத்தான். ஒரு பெண் கன்னத்தில் கையை வைத்து வாயை மறைத்துக்கொண்டு கேட்டாள், அதையும் சொன்னேன். என் பக்கத்தில் இருந்தவன் என்னைப் பார்த்து, "பாட்டி, ஏதாவது சொன்னீங்களா?" என்றான். "கட்டின பல்லு ஆடுதுப்பா" என்றேன். தம்பி அதை என் உதட்டில் படித்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தான். சத்தமில்லாத இடத்தில் அந்தச் சிரிப்பு கொஞ்சம் பெரிதாகத்தான் கேட்டது. இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கூட்டம் சேர்ந்ததும் முதலாளி கவுண்டருக்கு முன்னால் வந்து நின்று, எல்லோருக்கும் தம்பியை அறிமுகம் செய்தான். மூன்று நாட்டில் வேலை பார்த்தவர், இந்தப் பாட்டில் அட்டை யோசனை இவருடையது என்றெல்லாம் சொன்னான். தம்பி அவன் உதட்டைப் பார்த்தபடியே ஒரு கோப்பையைத் துடைத்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சியை நான் பார்த்து வருஷங்களாயிற்று.

அப்போதுதான் தம்பிக்குப் பின்னாலிருந்த கதவு வழியாகக் கோப்பைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த பணிப்பெண் கம்பள ஓரத்தில் தடுக்கிவிட்டாள். தட்டிலிருந்த கண்ணாடிக் கோப்பைகள் எல்லாம் சரிந்து, அலமாரியில் மோதி நொறுங்கின. ஒரு பெண் அலறினாள். அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். நானும் திரும்பினேன். தம்பிக்காகப் போனவள், அவன் முகத்தைப் பார்க்கவேண்டிய அந்த ஒரு நொடியில் நானும் கண்ணாடியைத்தான் பார்த்தேன்.

தம்பி மட்டும் திரும்பவில்லை. கண்ணாடித் துண்டுகள் அவன் குதிகாலுக்குப் பக்கத்தில் வந்து விழுந்திருந்தன. அவன் அதே சிரிப்போடு கோப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தான். பிறகு எதிரில் இருந்தவர்கள் முகங்கள் மாறியிருப்பதைப் பார்த்தான். என்னைத் தேடினான். "பின்னால கண்ணாடி" என்று உதட்டால் சொன்னேன். அவன் திரும்பிப் பார்க்கும்போது எல்லோரும் கண்ணாடியை விட்டுவிட்டு அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி கவுண்டரைச் சுற்றி உள்ளே போனான். தம்பியின் முதுகுக்குப் பின்னால் நின்று, மெதுவாக, "அண்ணே" என்றான். இன்னொரு முறை, "அண்ணே." தம்பி குனிந்து துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். முதலாளி என்னைப் பார்த்தான். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன். அதற்குப் பிறகு அவன் எதையும் சோதிக்கவேண்டியிருக்கவில்லை.

எல்லோரும் போன பிறகு முதலாளி தம்பியை விளக்குக்கு எதிரே உட்காரவைத்தான். "அ…ண்…ணே… நீங்…க… பின்…னா…ல… கோப்…பை… கழு…வற… எடத்…துல…" என்று வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு எழுத்தையும் இழுத்துச் சொன்னான். வேலையை விட்டு நிறுத்தவில்லை, சம்பளமும் குறையாது என்று சொல்லவந்தான். கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் வாயை அப்படி இழுத்தால் உதட்டில் ஒன்றும் படிக்க முடியாது. தம்பிக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் அவனிடம் அப்படிப் பேசியது கிடையாது.

"சாதாரணமாப் பேசு தம்பி," என்று முதலாளியிடம் நான்தான் சொன்னேன்.

தம்பி தோளில் இருந்த துணியை எடுத்து மடித்துக் கவுண்டர் மேல் வைத்தான். "அந்தக் கம்பளத்தை ஓரமா ஆணி அடிச்சுருங்க. இல்லாட்டி அந்தப் பொண்ணு மறுபடி விழும்" என்றான். அதோடு எழுந்துவிட்டான். விடிந்ததும் வேலைக்குப் போகவில்லை. அதற்கப்புறமும் போகவில்லை. முதலாளி இரண்டு தடவை வந்து கூப்பிட்டான், காது மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன் என்றான். தம்பி அவன் உதட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். உதட்டைப் பார்க்காவிட்டால் யாரும் அவனிடம் எதுவும் சொல்ல முடியாது இல்லையா.

அந்தப் பார் நன்றாகத்தான் நடக்கிறது என்று கேள்விப்படுகிறேன். ஜனங்கள் போய் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் எல்லோரும் அவனிடம் வாயை இழுத்து இழுத்துப் பேசுகிறார்கள், மருமகள் உட்பட. நான் சொன்னால் கேட்பதில்லை. அவன் அறையை விட்டு வருவதே குறைந்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம் என்ன தோன்றியதோ, சமையலறைக்குப் போய் மிக்ஸியைப் போட்டேன். அரைக்க ஒன்றும் இல்லை. காலி ஜாரை வைத்து, முடிந்தவரை வேகமாகத் திருப்பிவிட்டேன். வீடே அதிர்ந்தது. மருமகள் ஓடிவந்து, "காலி ஜாரை ஓட்டாதீங்க அத்தை, மோட்டார் போயிடும்!" என்று கத்தினாள். "போனா போகட்டும்டி, போய் வேலையைப் பாரு!" என்று நானும் கத்தினேன்.

நினைத்தபடியே அவன் வந்தான். அதிர்வு அவன் அறைத் தரைக்கும் போயிருக்கவேண்டும். வாசலில் நின்று எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான். நாங்கள் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்தது அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். மெதுவாகக் கிட்டே வந்து மிக்ஸி மேல் கையை வைத்தான். மூடி வழியாக, உள்ளே ஒன்றும் இல்லாததைப் பார்த்தான்.

பிறகு அவனே சுவிட்சை அணைத்தான்.

"வேணாம்க்கா," என்றான். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கொஞ்சம் வேகமாகத்தான் சாத்தினான். அந்தச் சத்தம் எங்களுக்கு மட்டும்தான் கேட்டது.